லேப்டாப் எதை வாசிக்கிறது? துளைக்கருவியும் மின்னணு இசையும் சேரும் இடம்

மேடையில் ஒருவர் சாக்ஸஃபோனோடு நிற்கிறார். பக்கத்தில் ஒரு லேப்டாப், தரையில் நாலைந்து பெடல்கள். அவர் ஒரு சுரம் ஊதினால் அரங்கம் முழுக்க ஒரு கூட்டமே ஊதுவதுபோல் கேட்கிறது. இப்படிப்பட்ட கச்சேரி முடிந்ததும் இரண்டு விதமான பேச்சு காதில் விழும். "எல்லாம் முன்னாடியே ரெக்கார்ட் பண்ணி வச்சது, இவர் சும்மா மேலே ஊதுறார்" என்பது ஒன்று. "கம்ப்யூட்டரே வாசிச்சுடுது, இவர் எதுக்கு?" என்பது இன்னொன்று.

சில கச்சேரிகளுக்கு இந்தக் குற்றச்சாட்டு பொருந்தும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் மனோதர்மமாக வாசிக்கும் துளைக்கருவிக் கலைஞர் கணினியோடு மேடையேறும்போது நடப்பது பெரும்பாலும் வேறு சங்கதி. அதைப் புரிந்துகொள்ள இசை இலக்கணமோ கணினிப் படிப்போ தேவையில்லை.

இரண்டு சொற்களை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துளைக்கருவி என்றால் இங்கே புல்லாங்குழல், கிளாரினெட், ஓபோ, சாக்ஸஃபோன் வகையறா. சாக்ஸஃபோன் பித்தளையில் செய்ததுதான்; ஆனாலும் ஒலி பிறப்பது ரீடில், அதாவது ஊதும்போது துடிக்கும் மெல்லிய நாணல் தகட்டில் என்பதால் அதுவும் இந்தக் குடும்பமே. மனோதர்மம் என்றால் முன்கூட்டி எழுதிவைக்காமல் வாசிக்கும் நொடியிலேயே இசையை உருவாக்குவது. இங்கே அதற்கு ராகம், தாளம் என்ற வரம்பு கட்டாயமில்லை.

## ஒன்றோடொன்று குழம்பும் மூன்று

பின்னணித் தடத்தை ஓடவிட்டு அதன்மேல் ஊதுவது ஒரு வகை. தடம் முன்பே முடிந்துபோன இசை. ஊதுபவர் என்ன செய்தாலும் அது மாறாது; அவர் மேடையை விட்டு இறங்கிப்போனாலும் ஓடிக்கொண்டிருக்கும். அதில் தப்பொன்றும் இல்லை, நம் விஷயம் அதுவல்ல, அவ்வளவுதான்.

இரண்டாவது வகை விண்ட் கன்ட்ரோலர். பார்க்க ஒல்லியான கிளாரினெட் மாதிரி இருக்கும், ஆனால் குழலுக்குள் ஒலி பிறப்பதில்லை. ஊதும் அழுத்தத்தையும் விரல்களின் இடத்தையும் சென்சார்கள் அளந்து மிடி வழியாக அனுப்பும். மிடி என்பது 'இந்தச் சுரம், இவ்வளவு பலம்' என்று கருவிகளும் கணினிகளும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ள 1983இல் வந்த பொது விதிமுறை. மூச்சின் பலம் அதில் வழக்கமாக 0 முதல் 127 வரையிலான ஓர் எண்ணாகப் போகும். ஒலியை உண்டாக்குவது மறுமுனையில் இருக்கும் சிந்தசைசர். 1970களில் வந்த லிரிக்கான் இந்த வகையின் முன்னோடி. நைல் ஸ்டைனரின் வடிவமைப்பிலிருந்து வந்த அக்காய் நிறுவனத்தின் கருவியை 1980களின் பிற்பகுதியில் சாக்ஸஃபோன் கலைஞர் மைக்கேல் பிரெக்கர் ஜாஸ் மேடைகளில் பிரபலமாக்கினார்.

மூன்றாவதுதான் நம் விஷயம். இதில் உண்மையான சாக்ஸஃபோன், உண்மையான புல்லாங்குழல். அது எழுப்பும் ஒலியை மைக் பிடித்து அந்த நொடியிலேயே கணினிக்குக் கொடுக்கிறது. கணினி அதை மாற்றி ஸ்பீக்கரில் விடுகிறது. இதை நேரலை மின்னணு இசை என்பார்கள். கணினியிடம் சொந்தச் சரக்கு எதுவும் இருக்கவேண்டியதில்லை. ஊதவில்லையென்றால் பல அமைப்புகளில் வெறும் மௌனம்தான்.

தலைகீழான குழப்பமும் உண்டு. காலின் ஸ்டெட்சன் பாஸ் சாக்ஸஃபோன் வாசிப்பதைக் கேட்டவர்கள், இது லூப் போட்டு, அதாவது பதிந்த துண்டுகளைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டு அடுக்கியது என்று சத்தியமே செய்வார்கள். ஆனால் அவர் லூப் பயன்படுத்துவதில்லை. கருவியின் பல இடங்களிலும் தொண்டையிலும் மைக் பொருத்தி, துளைகளை மூடித் திறக்கும் கீகள் படபடக்கும் சத்தத்தைத் தாளமாகவும், ஊதிக்கொண்டே பாடும் குரலைத் தனி வரியாகவும் கேட்க வைக்கிறார். மூச்சு நிற்காமலிருக்கச் சுழற்சி மூச்சு: கன்னத்தில் சேர்த்த காற்றை வெளியே தள்ளியபடியே மூக்கால் இழுத்துக்கொள்வது. ஆக, கேட்டதை மட்டும் வைத்து 'இது கணினி' என்று முடிவுகட்டுவது ஆபத்து.

## கிணறு பதில் சொன்னால்

ஆழமான கிணற்றை எட்டிப் பார்த்து 'ஓ' என்று கூப்பிட்டால் 'ஓ' திரும்பி வரும். நீர்மட்டம் 17 மீட்டர் கீழே இருந்தால், ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் வேகத்தில் போய்த் திரும்ப ஏறக்குறைய பத்தில் ஒரு விநாடி ஆகும். நாம் கொடுத்ததைத் தவிரக் கிணற்றிடம் வேறொன்றும் இல்லை.

இப்போது அந்தக் கிணற்றின் ஆழத்தை நினைத்தபோது மாற்றலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 17 மீட்டரை 1,700 மீட்டர் ஆக்கினால் பதில் பத்து விநாடி கழித்து வரும். அதற்குள் நீங்கள் வேறேதோ கூப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்கும். இன்னும் ஒரு படி மேலே போய், கிணறு 'ஓ'வை 'ஆ'வாக மாற்றித் தருகிறது, கூப்பிட்டதைத் துண்டுதுண்டாக்கி வரிசையைக் கலைத்துத் தருகிறது என்று வையுங்கள். நீங்கள் என்ன செய்வீர்கள்? பதிலைக் கேட்டு, அதற்கேற்ப அடுத்த கூப்பாட்டை மாற்றுவீர்கள். அதற்கும் ஒரு பதில் வரும். இது ஒரு சுற்று.

மனோதர்மம் இந்த இசையின் உயிராக இருப்பதற்குக் காரணம் இந்தச் சுற்றுதான். எழுதிவைத்த இசையை வாசிப்பவருக்குத் திரும்பி வரும் ஒலி எப்படியிருந்தாலும் அடுத்த வரி அடுத்த வரிதான். மனோதர்மக் கலைஞர் அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு திசை மாறலாம், சண்டை போடலாம், சும்மா நின்று கேட்கலாம். கணினி தரும் எதிர்பாராத ஒலிக்கு மதிப்பு வருவதே, அதைக் கேட்டுத் திரும்பும் சுதந்திரம் ஊதுபவருக்கு இருப்பதால்.

இதுவரை சொன்னதில் கையில் இருக்கவேண்டியது இவ்வளவே: ஒலி கருவியில் பிறக்கிறது, கணினி அதை மாற்றித் திருப்புகிறது, திரும்பி வந்ததைக் கேட்டு வாசிப்பவர் மாறுகிறார்.

## மூச்சு எண்ணாக மாறும் வழி

சாக்ஸஃபோனின் ஒலி அகன்ற மணிப்பகுதி வழியாக மட்டும் வருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். எல்லாத் துளைகளையும் மூடி அடிமட்டச் சுரத்தை ஊதும்போது அது உண்மை. மற்ற சுரங்களில் ஒலியின் பெரும்பகுதி, திறந்திருக்கும் முதல் சில துளைகள் வழியாகவே வெளியேறிவிடும். மணிக்குள் ஒரு மைக்கை வைத்தால் சில சுரங்கள் முழங்கும், சில காணாமல் போகும். புல்லாங்குழலுக்கு மணியே இல்லை. ஊதும் துளையிலும் விரல் துளைகளிலும் ஒலி பிறந்து பரவுகிறது. அதனால் மைக்கை எங்கே வைக்கிறோம் என்பதே ஓர் இசை முடிவு. உதட்டருகே வைத்தால் காற்றின் சீறல் பெரிதாகும், கீகளின் அருகே வைத்தால் தட்டல் பெரிதாகும். கணினி எதைத் தின்னப்போகிறது என்பது இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது.

மைக் தரும் மின்னலைகளைக் கணினி எண்களாக்க வேண்டும். விநாடிக்கு 44,100 முறை அலையின் உயரத்தை அளந்து எழுதிக்கொள்வது பரவலான வழக்கம். ஒவ்வோர் அளவும் ஒரு மாதிரி. கணினி மாதிரிகளை ஒவ்வொன்றாகக் கையாளாது, கட்டுக்கட்டாக எடுக்கும். 256 மாதிரிகள் கொண்ட கட்டு சேர ஏறத்தாழ 6 மில்லி விநாடி பிடிக்கும். ஊதியதற்கும் ஸ்பீக்கரில் கேட்பதற்கும் நடுவே இப்படிச் சேரும் மொத்த இடைவெளிக்குத் தாமதம் என்று பெயர். 6 மில்லி விநாடி என்பது ஸ்பீக்கரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். காது அதைப் பொருட்படுத்தாது. இதே தாமதம் பல மடங்கு ஏறினால், ஊதுபவருக்குத் தன் வாயும் தன் ஒலியும் ஒட்டாததுபோல் ஆகிவிடும்.

## கிணற்றுக்குள் நடக்கும் வேலைகள்

எல்லாவற்றுக்கும் அடிப்படை டிலே: ஒலியை நினைவில் வைத்து, குறித்த நேரம் கழித்து வெளியிடுவது. கணினி மேடைக்கு வருவதற்கு முன்பே இது வந்துவிட்டது. 1963இல் பாரிஸில், செட் பேக்கரின் ட்ரம்பெட்டை வைத்து அமெரிக்க இசையமைப்பாளர் டெர்ரி ரைலி ஒரு நாடகத்துக்கு இசையமைத்தார். இரண்டு டேப் ரெக்கார்டர்களைத் தள்ளி வைத்து, ஒரே நாடாவை இரண்டின் வழியாகவும் ஓடவிடும் உத்தி அதில்தான் உருவானது. முதல் மெஷின் பதியும், நாடா இரண்டாவதைச் சென்றடையும்போது அது ஒலிக்கும், அந்த ஒலி மறுபடி முதல் மெஷினுக்கே போய்ச் சேரும். நாடா விநாடிக்கு 19 சென்டிமீட்டர் ஓடி, இடையில் 95 சென்டிமீட்டர் நாடா இருந்தால் 5 விநாடி டிலே. மெஷினை நகர்த்தினால் காலம் நகரும். பிறகு ரைலி தன் சோப்ரானோ சாக்ஸஃபோனையே இந்த அமைப்புக்குள் ஊதி, தனியாளாகப் பெருங்கூட்டத்தின் ஒலியை எழுப்பினார்.

லூப் இதன் தம்பி. ஒரு துண்டைப் பிடித்து மறுபடி மறுபடி சுற்றவிடுவது. சொல்லக் கொஞ்சம் கசப்பாக இருந்தாலும், இந்தத் துறையில் மிக அதிகமாகத் தேய்ந்துபோன உத்தி இதுதான் என்பது என் கருத்து. ஒரு வரி, அதன்மேல் ஒரு வரி, அதன்மேல் இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போனால் மூன்றாவது நிமிடத்தில் கேட்பவருக்குக் கதை தெரிந்துவிடும். சுற்றும் லூப் ஊதுபவரைக் கேட்பதில்லை. அடுக்க அடுக்க அது பின்னணித் தடமாகவே மாறிவிடுகிறது.

அடுத்து, ஒலியின் குணத்தையே மாற்றும் வேலைகள். ரிங் மாடுலேஷனில் உங்கள் ஒலி அலையை இன்னொரு அலையால் பெருக்குகிறார்கள். 440 அதிர்வெண் (விநாடிக்கு 440 அதிர்வு) கொண்ட சுரத்தை 100 அதிர்வெண் அலையால் பெருக்கினால் 440 மறைந்துவிடும். அதற்குப் பதிலாக 340, 540 என்ற இரண்டு பிறக்கும், அதாவது கழித்தலும் கூட்டலும். சாக்ஸஃபோனில் ஒரு சுரம் ஒற்றை அதிர்வெண்ணாக இருப்பதில்லை. 440 ஊதினால் கூடவே 880, 1,320 என்று ஹார்மோனிக்குகள், அதாவது அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகள், சேர்ந்தே ஒலிக்கும். ஒவ்வொன்றும் இப்படி இரண்டாக உடையும். மடங்குக் கணக்கு குலைந்துபோவதால், மூச்சில் பிறந்த ஒலி உலோகத்தைத் தட்டியதுபோல் கேட்கும்.

இன்னொன்று கிரானுலர் முறை. ஒலியைச் சில பத்து மில்லி விநாடி நீளமுள்ள துகள்களாக அரிந்து, கலைத்து, அடர்த்தியாகத் தூவுவது. ஒரு நொடி ஊதிய சுரத்தை ஒரு நிமிட மேகமாக விரிக்கலாம். துளைக்கருவிக்கு இது மிகவும் பொருந்தும். சுரம் தெரியாத வெறுங்காற்று, கீயின் தட்டல், நாக்கால் ரீடைச் சட்டென்று அறையும் ஒலி, ஒரே விரலமைப்பில் இரண்டு மூன்று சுரம் சேர்ந்து கரகரக்கும் பன்மச் சுரம் என்று இந்தக் கருவிகளின் 'அழுக்கு' ஒலிகளே துகளாக்க ஏற்ற சரக்கு. சுத்தமான சுரத்தைத் துகளாக்கினால் அதிகம் ஒன்றும் நடப்பதில்லை.

## இரண்டு கையும் வாயும் வேலையில் இருக்கும்போது

பியானோக்காரர் ஒரு கையால் பொத்தானைத் திருகலாம். கிளாரினெட் வாசிப்பவருக்கு விரல்கள் எல்லாம் துளைகள்மேல், வலது கட்டைவிரல் கருவியின் எடையைத் தாங்கிக்கொண்டு, வாய் மவுத்பீஸில். மிச்சம் கால்தான். தரையில் பெடல்கள் கிடப்பதன் காரணம் இது.

காலைவிடச் சுவாரசியமான வழி, ஊதும் ஒலியையே கட்டளையாக்குவது. ஒலி எவ்வளவு பலம், எவ்வளவு உயரம் என்று கணினி அளந்துகொண்டே இருக்கும். அந்த அளவுகளை எதோடு இணைக்கிறோம் என்பதற்குப் பொருத்தம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஒரு சின்னப் பொருத்தத்தைக் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

கணினிக்கு எட்டு விநாடி நினைவு. நீங்கள் மெதுவாக ஊதும்போது மட்டும் அது பதிந்துகொள்ளும். பலமாக ஊதினால் பதிவதை நிறுத்திவிட்டு, நினைவில் இருப்பதைத் துகளாக்கி வெளியிடும். உயரமான சுரம் ஊதினால் சற்றுமுன் பதிந்த பகுதியிலிருந்து, தாழ்ந்த சுரம் ஊதினால் பழைய பகுதியிலிருந்து எடுக்கும். விதி இவ்வளவே. விளைவைப் பாருங்கள்: இந்த இயந்திரத்துக்கு நீங்கள் கத்தியது எதுவுமே நினைவிருக்காது, முணுமுணுத்தது மட்டும் நினைவிருக்கும். ஓர் அடிமட்டச் சுரத்தை ஓங்கி அறைந்தால், எட்டு விநாடிக்கு முந்தைய காற்றின் முனகல் சிதறி எழும். ஊதுபவர் இதைப் பழகப் பழக, பிறகு எழப்போவதை மனத்தில் வைத்து இப்போது முணுமுணுக்க ஆரம்பிக்கிறார். அந்தக் கட்டத்தில் கணினி வெறும் எஃபெக்டாக இருப்பதை நிறுத்தி அவருடைய கருவியின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

இதில் ஒரு தொல்லையும் உண்டு. சுரத்தின் உயரத்தைக் கண்டுபிடிக்க அலை குறைந்தது இரண்டு சுற்றாவது வரும்வரை பல மென்பொருள்கள் காத்திருக்க வேண்டும். டெனர் சாக்ஸஃபோனின் அடிமட்டச் சுரம் சுமார் 104 அதிர்வெண். ஒரு சுற்றுக்கு 9.6 மில்லி விநாடி, இரண்டுக்கு 19. கட்டு சேரும் தாமதம் இதற்கு மேல். பன்மச் சுரம் ஊதினாலோ கணினி ஒரேயடியாகத் திணறி, கேட்கும் சுரங்களுக்கிடையே தாவிக்கொண்டிருக்கும். பொறியாளர்களுக்கு இது பிழை. மனோதர்மக்காரர்களில் பலர் வேண்டுமென்றே இதைத் தூண்டுவார்கள். இயந்திரம் தடுமாறும் இடத்தில் புது ஒலி கிடைக்கிறதல்லவா.

சுருக்கமாக: கணினி டிலே செய்யும், குணம் மாற்றும், துகளாக்கும், எதை எப்போது என்பதைக் காலோ ஒலியோ தீர்மானிக்கும்.

## இயந்திரத்துக்குச் சொந்தக் கருத்து இருந்தால்

கிணறு நாம் கூப்பிட்டதை மட்டும்தான் திருப்பும் என்றேன். கூப்பிடாமலே பேசத் தொடங்கும் கிணறும் உண்டு. ட்ரம்போன் கலைஞர் ஜார்ஜ் லூயிஸ் 1980களின் பிற்பகுதியில் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டைம் என்ற மின்னணு இசை மையத்தில் 'வாயேஜர்' என்ற நிரலை எழுதினார். அது ஊதுபவரின் ஒலியை மாற்றுவதில்லை. வாசிப்பைக் கேட்டு, தானே மனோதர்மமாகப் பதில் வாசிக்கும். 64 தனித்தனிக் குரல்கள் வரை எழுப்பும். மனிதர் வாசிப்பதைப் பின்தொடரவும் செய்யும், கண்டுகொள்ளாமல் தன்போக்கில் போகவும் செய்யும், யாரும் வாசிக்காதபோதும் தொடரும். லூயிஸும் சாக்ஸஃபோன் கலைஞர் ராஸ்கோ மிட்செல்லும் இதோடு வாசித்த இசைத்தட்டு 1993இல் வந்தது. "கம்ப்யூட்டரே வாசிக்குது" என்ற பேச்சு உண்மையாகும் இடம் இது. ஆனால் மனிதரின் வேலை இங்கே குறைவதில்லை. சொன்னதைக் கேட்காத ஒரு சக கலைஞரோடு மேடையில் நிற்பது எந்நாளும் சுலபமல்ல.

எழுதிய இசைப் பக்கம் இதற்கு இணையான வேலை பாரிஸின் இர்காம் என்ற இசை ஆய்வு மையத்தில் நடந்தது. புல்லாங்குழலுக்காக ஃபிலிப் மனூரி 1987இல் எழுதிய படைப்பில், வாசிப்பவர் எந்த வரியில் இருக்கிறார் என்பதைக் கணினி கேட்டே தெரிந்துகொண்டது. அந்தச் சூழலில் மில்லர் பக்கெட் எழுதிய மேக்ஸ் என்ற மென்பொருள்தான் இன்று மனோதர்மக் கலைஞர்கள் பலரின் லேப்டாப்பில் ஓடுவது.

மூன்றாவது வழி, இன்னொரு மனிதரைக் கணினியருகே உட்கார வைப்பது. இங்கிலாந்தின் சாக்ஸஃபோன் கலைஞர் எவன் பார்க்கர் 1990களில் தொடங்கிய எலெக்ட்ரோ-அகூஸ்டிக் குழுவில் சிலர் கருவி வாசித்தார்கள். வால்டர் பிராட்டி, மார்கோ வெக்கி போன்றவர்கள் மற்றவர்களின் ஒலியைப் பிடித்து, மாற்றி, திருப்பித் தந்தார்கள். தன் ஒலி எப்போது, எந்த உருவில் திரும்பும் என்பது பார்க்கர் கையில் இல்லை. சுழற்சி மூச்சில் நிற்காமல் ஓடும் அவருடைய வாசிப்பு தனியாகவே பல அடுக்காகக் கேட்கும். அதன்மேல் அதன் சாயல்கள் வந்து சேரும்போது எது மூலம், எது நகல் என்று பிரிப்பது பழகிய காதுக்கே கடினம்.

## ஊதாமலே வரும் சுரம்

ஒரு சின்ன விலகல். மைக்கை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் 'ஊய்' என்று கத்தும். ஸ்பீக்கரின் ஒலி மைக்கில் நுழைந்து, பெரிதாகி, மறுபடி நுழையும் ஃபீட்பேக் இது. எல்லா ஒலிப் பொறியாளரும் இதை அடக்கத்தான் பார்ப்பார்கள். ஜான் புட்சர் போன்ற சாக்ஸஃபோன் கலைஞர்கள் இதையே வாசிக்கிறார்கள். கருவியோடு மைக்கைச் சேர்த்து ஒலியை ஏற்றினால், குழலுக்குள் இருக்கும் காற்றுத்தூண் தனக்குப் பிடித்த அதிர்வெண்ணில் ஃபீட்பேக்கை இழுத்துக்கொள்ளும். கீகளை மூடித் திறந்தால் தூணின் நீளம் மாறும், சுரமும் மாறும். மூச்சு ஒரு துளிகூட இல்லாமல் சாக்ஸஃபோன் பாடும். இதற்கு லேப்டாப்பே வேண்டாம்.

## நீங்களே சோதித்துப் பார்க்க

அடுத்த முறை கேட்கும்போது ஊதுபவர் நிறுத்தும் இடத்தைக் கவனியுங்கள். அவர் நிறுத்தியதும் மற்ற ஒலி என்ன ஆகிறது? உடனே அடங்கினால் ஒலியின் குணத்தை மாற்றும் எஃபெக்ட், தேய்ந்து தேய்ந்து அடங்கினால் டிலே, மாறாமல் சுற்றினால் லூப், புதிதாகப் பேசத் தொடங்கினால் தானியங்கி நிரல் அல்லது மேசைக்குப் பின்னால் ஓர் ஆள். இதில் விதிவிலக்குகள் உண்டு என்றாலும் தொடக்கத்துக்குப் போதும். பிறகு, திரும்பி வந்த ஒலியால் அவருடைய அடுத்த வரி மாறுகிறதா என்று பாருங்கள். மாறவே இல்லையென்றால், விலையுயர்ந்த எதிரொலியோடு ஒருவர் தனியாக வாசிக்கிறார் என்று பொருள்.

கையில் ஒரு குழல் இருந்தால் செய்தும் பார்க்கலாம். பக்கெட் 1996இல் வெளியிட்ட ப்யூர் டேட்டா இலவச மென்பொருள். அதில் மைக்கை டிலேயில் எழுதும் கட்டத்தோடும், டிலேயிலிருந்து எடுக்கும் கட்டத்தை வெளியீட்டோடும் என்று நாலே கட்டங்களைக் கோட்டால் இணைத்தால் முதல் கிணறு தயார். ஹெட்ஃபோன் கட்டாயம்; ஸ்பீக்கரில் விட்டால் சற்றுமுன் சொன்ன 'ஊய்' தான் முதலில் வரும். டிலேயை முதலில் 400 மில்லி விநாடியில் வைத்து ஊதிப் பாருங்கள். நீங்கள் ஊதியதன் வாலையே நீங்கள் துரத்துவீர்கள். பிறகு 7 விநாடி ஆக்குங்கள். ஊதியதை மறந்து அடுத்ததற்குப் போயிருக்கும்போது அது வந்து சேரும், அதற்கு என்ன பதில் சொல்வது என்று அந்த நொடியில் யோசிக்க வேண்டியிருக்கும்.